பட்டியலில் இல்லாத பெண்

அமெரிக்கத் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி 1994 ஜனவரியில் டெட்ராய்ட்டில் நடந்தது. 25 ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், மறுபடி டெட்ராய்ட்டுக்கு வந்தது. முதல் முறை மகளிர் பிரிவில் மிஷெல் குவான் என்ற 13 வயதுச் சிறுமி இரண்டாவதாக வந்தாள். அடுத்த முறை அலிசா லியு என்ற 13 வயதுச் சிறுமி முதலாவதாக வந்தாள். குவான் அந்த ஆண்டு ஒலிம்பிக்கில் ஆடவில்லை. லியு அந்த ஆண்டு உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடவில்லை. ஒருத்தியை நிறுத்தியது ஒரு குழு அறைக்குள் எடுத்த முடிவு. மற்றவளை நிறுத்தியது, யாரும் முன்கூட்டியே படித்துக்கொள்ளும்படி அச்சில் இருந்த விதி. இந்த விளையாட்டு கால் நூற்றாண்டில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

90களின் தொடக்கத்தில் நாங்கள் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் குடியேறினோம். கணவருக்குக் கார் கம்பெனியில் எஞ்சினியர் வேலை. திருச்சி வெயிலில் வளர்ந்த எனக்கு, மிச்சிகன் மாநிலத்துக் குளிர்காலம் வீட்டுக்குள்ளேயே கழிகிற காலம். நவம்பர் பிறந்தால் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் ஸ்கேட்டிங் பார்க்கத் தொடங்கினேன். இசையும் உடையும்தான் முதலில் இழுத்தன. பிறகு தாவல்களின் பெயர்கள் பிடிபட்டன. அதற்குப் பிறகு, ஆடி முடித்த பெண் மூச்சு வாங்க உட்கார்ந்து மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. பல வருடப் பயிற்சிக்கு யாரோ சிலர் ஓர் எண்ணைச் சொல்லப்போகிறார்கள். அவர்கள் யார், எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அன்றிலிருந்து விடாமல் கவனித்து வருகிறேன்.

1994 ஜனவரி 6, வியாழக்கிழமை. நகர மையத்தில் கோபோ அரங்கில் பயிற்சியை முடித்துக்கொண்டு திரும்பிய நான்சி கெரிகனின் வலது காலில், முழங்காலுக்குச் சற்று மேலே, ஒருவன் மடக்குத் தடியால் அடித்துவிட்டு ஓடினான். எங்கள் ஊர்ச் செய்தி அன்றிரவே உலகச் செய்தி ஆகிவிட்டது. அடித்தவனை ஏற்பாடு செய்தது டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவரும் மெய்க்காவலரும் என்பது அடுத்த சில நாட்களில் தெரிந்தது. அதற்குள் ஹார்டிங் தேசியப் பட்டத்தை வென்றிருந்தார். லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்களுக்கு இரண்டே இடங்கள். முதலிரண்டு இடம் பெற்றவர்கள் ஹார்டிங்கும் குவானும். ஸ்கேட்டிங் சங்கத்தின் குழு கூடி, போட்டியில் ஆடவே முடியாமல் போன கெரிகனுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தது. குவான் மாற்று வீராங்கனை ஆனாள்.

அந்த முடிவு நியாயமானது. அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். கெரிகன் 1992 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், 1993-ன் தேசியச் சாம்பியன். அடிபட்டது அவர் குற்றமல்ல. ஆனால் நியாயமான முடிவுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவள் 13 வயதுச் சிறுமி. நான் பார்த்த செய்திகளில் அவளுக்குக் கிடைத்தது, ஹார்டிங் விலக்கப்பட்டால் இவள் இறங்கலாம் என்ற ஒரு வரி. ஹார்டிங் 2.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு அணியில் நீடித்தார். குவான் நார்வே வரை போய், ஆடாமல் திரும்பினாள்.

அந்த ஏழு வாரங்களில் தொலைக்காட்சி இரண்டு பெண்களை வைத்து ஒரு கதை கட்டியது. கெரிகன் இளவரசி, ஹார்டிங் முரட்டுப் பெண். கெரிகனின் அப்பா மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெல்டர் வேலை பார்த்தவர். மகளின் பயிற்சிச் செலவுக்காக அந்தக் குடும்பம் பட்டபாடு ஹார்டிங் குடும்பத்தின் பாட்டுக்குச் சளைத்ததல்ல. ஹார்டிங்கோ 1991 தேசியப் போட்டியில் மூன்றரைச் சுற்றுத் தாவலான டிரிபிள் ஆக்ஸலைச் செய்துகாட்டிய முதல் அமெரிக்கப் பெண். இரண்டு உழைப்பாளி வீட்டுப் பெண்களில் ஒருத்திக்கு ஆடை வடிவமைப்பாளர் வெரா வாங் தைத்த உடையும் இளவரசிப் பட்டமும். மற்றவளுக்குக் கிடைத்தது அவள் வீட்டு வறுமையை ஊரே பேசும் அவமானம். தாக்குதலை விசாரித்த போலீசாருக்கு இடையூறு செய்ததாக ஹார்டிங் பிற்பாடு ஒப்புக்கொண்டார், பட்டத்தையும் இழந்தார். அது சட்டம் தந்த தண்டனை. அவர் பேச்சையும் உடையையும் பிறப்பையும் வைத்து ஊடகம் தந்த தண்டனை அதற்கெல்லாம் முன்பே தொடங்கிவிட்டது. பிப்ரவரி 23 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி போட்டியின் முதல் சுற்றான குறுநிகழ்ச்சியை ஒளிபரப்பியபோது, அமெரிக்காவில் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் 48.5 சதவீதம் அதைப் பார்த்தன. கிட்டத்தட்ட பாதி நாடு. விளையாட்டுக்காகப் பார்த்தவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான்.

தங்கத்தை இருவரும் வாங்கவில்லை. உக்ரைனின் 16 வயது ஒக்சானா பையுல் வாங்கினாள். அதற்கு முந்தைய நாள் பயிற்சியில் வேறொரு வீராங்கனையுடன் மோதிக் காயப்பட்டுத் தையல் போட்டுக்கொண்டவள், அம்மாவை இழந்தவள். ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் பையுலுக்கு முதலிடம் கொடுத்தார்கள், நான்கு பேர் கெரிகனுக்கு. அந்தக் காலத்து 6.0 முறை பள்ளிக்கூடத்து ரேங்க் மாதிரி. நடுவர் போடும் 5.8, 5.9 எல்லாம் யாருக்கு முன்னால் யார் என்ற வரிசையைச் சொல்வதற்கு மட்டும்தான். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஜெர்மானிய நடுவர் இருவருக்கும் ஒரே கூட்டுத்தொகை போட்டார். கலைநயத்துக்கான மதிப்பெண்ணில் பையுலுக்கு 0.1 கூட. அந்த 0.1 ஒலிம்பிக் தங்கத்தைத் தீர்மானித்தது. உக்ரைன், போலந்து, செக், சீனா, ஜெர்மனி ஒரு பக்கம்; அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் மறுபக்கம். நடுவர்களின் நாடு எல்லாருக்கும் தெரிந்தது. அந்த 0.1 எந்தத் தாவலுக்கு, எந்தச் சுழற்சிக்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானின் சிபா நகரில் உலகச் சாம்பியன்ஷிப். அங்கேயும் ஐந்துக்கு நான்கு. ஜப்பானின் யுகா சாட்டோ வென்றார். இரண்டாம் இடம் பெற்ற பிரான்சின் சூரியா போனலி, கழுத்தில் போட்ட வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். கூட்டம் ஏளனம் செய்தது. கறுப்பினப் பெண், ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவர், தசை வலுவுள்ளவர். பனியில் ஒரு பெண் எப்படி இருக்க வேண்டும் என்று நடுவர்கள் மனதில் வைத்திருந்த உருவத்துக்குள் அவர் அடங்கவில்லை. தனக்கு ஏன் குறைந்தது என்று கேட்க அவருக்கு ஒரு தாளும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து நாகானோ ஒலிம்பிக்கில், பதக்கம் இனி இல்லை என்று தெரிந்த நிலையில், தடை செய்யப்பட்ட பேக்ஃபிளிப்பை, அதாவது பின்புறக் கரணத்தை, அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 1977-ல் வந்த அந்தத் தடையைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐஎஸ்யூ 2024-ல் நீக்கியது. இன்று பேக்ஃபிளிப் அடிக்கும் இளைஞர்களுக்கு அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு போனலிக்கு உரியது என்று ஒவ்வொரு வர்ணனையாளரும் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊருக்கு ஒரு வசதி உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விண்ட்ஸர். அங்கிருந்து வரும் சிபிசி அலைவரிசை எங்கள் வீட்டுப் பெட்டியிலும் கிடைக்கும். 1998 நாகானோ ஒலிம்பிக்கை இரண்டு அலைவரிசைகளிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அமெரிக்க ஒளிபரப்பு, இரவு எல்லாரும் சாப்பிட்டு உட்காரும் நேரத்துக்காகக் கோத்து வைத்த நிகழ்ச்சி. பதக்க வாய்ப்புள்ளவர்களின் ஆட்டம், நடுவே அமெரிக்கப் பெண்களின் வீடு, அம்மா, அழுகை. கனடா அலைவரிசையில், போட்டி நடக்கும்போதே, பெயர் தெரியாத நாட்டுப் பெண்களின் ஆட்டமும் வந்தது. பதினெட்டாம் இடம் வரப்போகிறவள் தன் வாழ்க்கையின் மிகச் சிறந்த நான்கு நிமிடங்களை ஆடுவதை அதில்தான் பார்த்தேன். எது விளையாட்டு, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க அந்த ரிமோட் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நாகானோவில் 15 வயது டாரா லிப்பின்ஸ்கி தங்கம் வென்றாள். எங்கள் பக்கத்து ப்ளூம்ஃபீல்ட் ஹில்ஸில் பயிற்சி எடுத்தவள். ஊரெல்லாம் கொண்டாட்டம். அன்றிரவு எம்எஸ்என்பிசி இணையச் செய்தியின் தலைப்பு, குவானை அமெரிக்கப் பெண் முந்திவிட்டாள் என்றது. குவான் பிறந்தது கலிஃபோர்னியாவின் டோரன்ஸ். அதற்குள் ஒரு முறை உலகச் சாம்பியனும் ஆனவர். அமெரிக்கக் கொடியின் கீழ் வெள்ளி வாங்கிய பெண்ணைத் தலைப்பு எழுதியவர் அயல்நாட்டுக்காரி ஆக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு சியாட்டில் நாளிதழ் ஏறக்குறைய அதே தலைப்பைப் போட்டது. மிச்சிகனில் பிறந்த என் மகளுக்கு அப்போது எல்லாவற்றையும் தானே படிக்கிற வயது. தலைப்பைப் பார்த்துவிட்டு, “அப்போ மிஷெல் எந்த ஊரும்மா?” என்றாள். “உன்ன மாதிரி இந்த ஊர்தான்டி” என்றேன். தலைப்பை அவள் மறக்கவில்லை.

மகள் அப்போது பக்கத்து ரிங்கில் ஸ்கேட்டிங் பழகிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை பரதநாட்டியம், ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பனித்தளம். உள்ளூர்க் கிளப் போட்டிகளுக்கு அழைத்துப் போவேன். நடுவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். சொந்தச் செலவில் பயிற்சி பெற்று, பனியோரத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு நாள் முழுக்க உட்காருபவர்கள். அவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. போட்டி முடிந்ததும் முடிவுத்தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். அம்மாக்களும் பிள்ளைகளும் முண்டியடித்துப் போய்ப் பார்ப்போம். தாளில் இருப்பது ரேங்க் மட்டும். “ஏம்மா நான் நாலாவது? நான் விழவே இல்லையே?” என்று மகள் கேட்பாள். அந்தத் தாளில் அதற்குப் பதில் இல்லை. நடுவரிடம் போய்க் கேட்கும் வழக்கமும் இல்லை. சில பெண்கள் தங்களுக்கு முகவெட்டு இல்லை என்றார்கள், சிலர் உடை சரியில்லை என்றார்கள். காரணம் சொல்லாத இடத்தில் குழந்தைகள் தங்கள் உடம்பிலேயே காரணத்தைத் தேடுகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் எல்லாவற்றையும் உடைத்தது. ஜோடிகள் பிரிவில், ரஷ்ய ஜோடிக்கு வாக்களிக்கும்படி தனக்கு நெருக்கடி இருந்ததாகப் பிரெஞ்சு நடுவர் சொன்னார் என்று வெளியானது. கனடா ஜோடிக்கு இரண்டாவது தங்கம் கொடுத்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் மகளிர் பிரிவிலும் ஐந்துக்கு நான்கு. குறுநிகழ்ச்சியில் நான்காவதாக இருந்த சாரா ஹியூஸ் தங்கம் வென்றார், இரினா ஸ்லுட்ஸ்கயாவுக்கு வெள்ளி, குவானுக்கு வெண்கலம். ஐஎஸ்யூ 6.0 முறையைத் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அடிப்படைப் புள்ளி, அதன் தரத்துக்குக் கூடவோ குறையவோ புள்ளி, கலைநயத்துக்குத் தனிப் புள்ளிகள் என்று புதிய முறை வந்தது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கம் முழுக்க எண்கள்.

உள்ளூர்ப் போட்டிகளுக்கும் அந்தத் தாள் வந்து சேர்ந்தது. அப்போது மகள் உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். ஒரு நாள் தாளை என் முன் நீட்டி, “பாரும்மா, லட்ஸ்ல எட்ஜ் தப்பு. இந்தச் சுத்து பாதிதான் முடிச்சிருக்கேன். அதான்” என்றாள். அவள் அன்று ஆறாவது. ஆனால் முகம் வாடவில்லை. எதைச் சரிசெய்தால் அடுத்த முறை மேலே வரலாம் என்று அவள் கையிலேயே எழுதியிருந்தது. புதிய முறையால் ஆட்டத்தின் அழகு போய்விட்டது, எல்லாம் புள்ளி பொறுக்குவதாகிவிட்டது என்று குறைப்படுபவர்கள் பலர். அந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஆனாலும் தோற்ற பெண்ணின் கையில் காரணத்தைக் கொடுத்த முறை அது. அதற்காகவே அதை நான் ஆதரிக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கொடுத்த ஐஎஸ்யூ, இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டது. எந்த நடுவர் எந்த மதிப்பெண் போட்டார் என்பதை மறைத்தது. பெயர் தெரியாவிட்டால் நெருக்கடி கொடுக்க முடியாது என்பது அவர்கள் வாதம். நடந்தது வேறு. 2014 சோச்சியில் ரஷ்யாவின் அடெலினா சோட்னிகோவா 224.59 புள்ளிகளுடன் தங்கம் வென்றார், தென்கொரியாவின் யுனா கிம் 219.11 புள்ளிகளுடன் வெள்ளி. மகளிர் இரண்டாம் சுற்றான நீள்நிகழ்ச்சியின் நடுவர் குழுவில், ரஷ்ய ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் தலைவராக நீண்ட காலம் இருந்தவரின் மனைவி இருந்தார். முறைகேட்டுக்காக ஒருமுறை ஓராண்டு இடைநீக்கம் பெற்ற நடுவரும் இருந்தார். அவர்கள் போட்ட மதிப்பெண் நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைக் காட்டி நிரூபிக்க வழியில்லை. எந்தப் பத்தி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அந்த மறைப்பால் யுனா கிம்முக்கு மட்டும் அநீதி நடக்கவில்லை. 17 வயதில் நன்றாக ஆடி வென்ற சோட்னிகோவாவின் தங்கத்தின் மேலும் சந்தேகம் நிரந்தரமாகப் படிந்துவிட்டது.

2016-ல் ஐஎஸ்யூ அந்த மறைப்பை எடுத்தது. இரண்டே ஆண்டில் பலன் தெரிந்தது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் சொந்த நாட்டவருக்குச் சாதகமாக மதிப்பெண் போட்டதாக இரண்டு சீன நடுவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பெயர் இருந்ததால் தவற்றை எண்களாலேயே எடுத்துக்காட்ட முடிந்தது. 6.0 காலத்தில் பெயர் இருந்தது, காரணம் இல்லை. பிறகு காரணம் வந்தது, பெயர் போனது. இன்று இரண்டும் இருக்கின்றன.

தேர்வுக் குழு அறைக்குள் இந்த வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

2006-ல் குவான் காயத்தால் தேசியப் போட்டியில் ஆடவில்லை. ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனவர், ஒலிம்பிக் தங்கம் மட்டும் இல்லாதவர். டூரின் ஒலிம்பிக் இடத்துக்காகக் குழுவிடம் விண்ணப்பித்தார். குழு இடம் கொடுத்தது. வெளியே நின்றது மூன்றாவதாக வந்த எமிலி ஹியூஸ், சாராவின் தங்கை. 1994-ல் எந்தக் கதவு குவானின் முகத்தில் சாத்தப்பட்டதோ, அதே கதவு 2006-ல் அவருக்காகத் திறந்தது. டூரினில் முதல் பயிற்சியிலேயே வலி திரும்பியதும் குவான் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு எமிலி பறந்து வந்து ஏழாவதாக வந்தார். இந்த விளையாட்டில் நான் கண்ட பண்புள்ள முடிவுகளில் குவானின் விலகலும் ஒன்று. வலியை மறைத்து ஆடியிருந்தால் அவரைக் கேள்வி கேட்டிருக்க ஆளில்லை.

2014-ல் நடந்தது இதைவிடக் கசப்பானது. பாஸ்டன் தேசியப் போட்டியில் கிரேசி கோல்ட், 15 வயது போலினா எட்மண்ட்ஸ், மிராய் நாகாசு என்று முதல் மூவர். நீள்நிகழ்ச்சியில் இரண்டு முறை விழுந்த ஆஷ்லி வாக்னர் நான்காவது. ஒலிம்பிக்கில் மூன்று இடங்கள். குழு நாகாசுவை விட்டுவிட்டு வாக்னரை எடுத்தது. கெரிகனும் குவானும் காயத்தால் ஆட முடியாமல் இடம் பெற்றவர்கள். வாக்னர் ஆடித் தோற்றவர்.

வாக்னரின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மூன்றாவது இடமே அவரும் கோல்டும் சம்பாதித்துக் கொடுத்தது. 2013 உலகப் போட்டி, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் கனடாவின் லண்டன் நகரில் நடந்தது. ஒரு நாட்டின் இருவர் பெற்ற இடங்களைக் கூட்டினால் 13-க்குள் வர வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை மூன்று இடம். வாக்னர் ஐந்தாவது, கோல்ட் ஆறாவது. கூட்டினால் 11. அந்த ஓராண்டு சாதனையைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதியும் சொன்னது. ஆனால் அதே அளவுகோலை எட்மண்ட்ஸுக்கு வைத்துப் பாருங்கள். அவர் அதுவரை சீனியர் பிரிவில் ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடியதில்லை. அவருக்குத் தேசியப் போட்டி முடிவு போதுமென்றால், 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்த நாகாசுவுக்கு ஏன் போதவில்லை? இந்தக் கேள்விக்கு, ஊர் ஒப்புக்கொள்ளும்படி ஒரு பதிலும் வரவில்லை.

பதில் இல்லாத இடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. சோச்சிக்கு முந்தைய மாதங்களில் என்பிசியின் ஒலிம்பிக் விளம்பரங்களில் வாக்னரின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. சோப்பு, சாயம், காலணி விற்பவர்களுக்கும் அந்த முகம் வேண்டியிருந்தது. தொலைக்காட்சியோ விளம்பரதாரரோ குழுவுக்கு நெருக்கடி கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. போட்டிக்கு முன்பே ஒரு முகத்தை நாடு முழுக்கத் தெரியவைத்துவிட்டால், குழுவில் உட்காருபவர்களும் அந்த நாட்டில்தான் வாழ்கிறார்கள். ஊடகம் வாக்குப் போடுவதில்லை. யாரை விட்டால் கேள்வி எழும், யாரை விட்டால் எழாது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. சுஷி கடை நடத்தும் பெற்றோரின் மகளான நாகாசுவை விட்டால் கேள்வி சின்னதாகவே எழும் என்று நினைத்திருக்கலாம். அப்படி ஆகவில்லை. போட்டிக்குப் பிறகு நடந்த நட்சத்திர நிகழ்ச்சியில் அவர் கண்ணீரோடு ஆடியபோது பாஸ்டன் அரங்கம் எழுந்து நின்றது.

நாகாசு விளையாட்டை விடவில்லை. இருபதைத் தாண்டிய வயதில் டிரிபிள் ஆக்ஸல் கற்றுக்கொண்டார். பெரும்பாலான பெண்கள் தாவல்களை இழக்கத் தொடங்கும் வயது அது. 2018 தேசியப் போட்டியில் இரண்டாம் இடம். பியோங்சாங் அணிப் போட்டியில் ஒலிம்பிக்கில் டிரிபிள் ஆக்ஸல் அடித்த முதல் அமெரிக்கப் பெண் ஆனார். உலக அளவில் ஜப்பானின் மிடோரி இட்டோ, மாவோ அசாடாவுக்குப் பிறகு மூன்றாமவர். அன்று மகள் போனில் கூப்பிட்டாள். இருவரும் பேசவில்லை, அழுதோம். அதே 2018-ல் வாக்னர் மறுபடி நான்காவது. இம்முறை குழு அவரை எடுக்கவில்லை. தன் கலைநயப் புள்ளிகளைக் குறைத்துவிட்டதாக வெளிப்படையாகக் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். வாக்னர் 2016-ல், பத்தாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கப் பெண்ணுக்கு உலகப் பதக்கம் வாங்கித் தந்தவர். 2014-ல் நாகாசு கேட்டிருக்க வேண்டிய அதே கேள்வியை 2018-ல் அவர் கேட்டார்.

அந்தப் பின்னணியில்தான் 2019-ல் மகளோடு டெட்ராய்ட் அரங்கத்துக்குப் போனேன். இம்முறை லிட்டில் சீசர்ஸ் அரங்கம். அலிசா லியு டிரிபிள் ஆக்ஸல்களோடு வென்றபோது கூடமே அதிர்ந்தது. உலகப் போட்டிக்கு வயது போதாது என்பது சீசன் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அந்தப் போட்டிக்குப் பிரேடி டெனல், மரையா பெல் என்ற வீராங்கனைகள் போனார்கள். யாருக்கும் யார் மேலும் சந்தேகமில்லை. அந்தச் சிறுமி சிரித்துக்கொண்டே பதக்கத்தோடு வீட்டுக்குப் போனாள். விதி கடுமையாகவே இருக்கட்டும், முன்னதாகவே எழுதப்பட்டிருந்தால் குழந்தை அதைத் தாங்கிக்கொள்கிறது.

வயதைப் பற்றிய விதி எவ்வளவு முக்கியம் என்பதை 2022 பெய்ஜிங் காட்டியது. 15 வயது ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவாவின் மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது போட்டி நடுவே தெரிந்தது. ஆட அனுமதித்தார்கள். உலகத்தின் கேமராக்கள் எல்லாம் அவள் மேல். தங்கத்துக்கு எதிர்பார்க்கப்பட்டவள் விழுந்து எழுந்து நான்காவதானாள். அவளைச் சுற்றியிருந்த பெரியவர்களை விட்டுவிட்டு, குழந்தையின் அழுகையை அருகில் காட்டிய படப்பிடிப்பை நான் மன்னிக்க மாட்டேன். அந்த ஆண்டே ஐஎஸ்யூ சீனியர் வயதைப் படிப்படியாக 17-க்கு உயர்த்தியது. அதே 2022-ல் 16 வயதில் ஓய்வு அறிவித்த லியு, பிறகு தன் விருப்பத்தில் திரும்பி வந்து 2025-ல் பாஸ்டனில் உலகச் சாம்பியன் ஆனார். வளர்ந்த பெண்ணாகத் தன் இசையையும் உடையையும் பயிற்சி நேரத்தையும் தானே தேர்ந்தெடுத்து வந்த வெற்றி அது. ஒரு சிறுமியை அவசரப்படுத்தாமல் விட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தேர்வுக் குழு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022-ல் தேசியப் போட்டி நடுவே கோவிட் வந்து விலகிய லியுவுக்கு ஒலிம்பிக் இடம் கொடுத்ததும் ஒரு குழுதான், சரியாகவே கொடுத்தது. 2014-க்குப் பிறகு தேர்வு விதிகளை இன்னும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எந்தப் போட்டிக்கு எவ்வளவு மதிப்பு என்று அடுக்குகளாகச் சொல்கிறார்கள். நல்லது. இன்னும் ஓர் அடி பாக்கி. நடுவர்கள் பெயரோடு மதிப்பெண் போடும்போது, அவர்கள் மதிப்பெண்ணையே ஒதுக்கிவைக்கும் அதிகாரம் உள்ள குழு மூடிய அறைக்குள் முடிவெடுக்கக்கூடாது. ஒளிபரப்பு நிறுவனங்களும் போட்டிக்கு முன் ஒரு முகத்தை மட்டும் தூக்கிப் பிடிக்காமல், இடத்துக்குப் போட்டியிடும் அத்தனை பெண்களையும் நாட்டுக்குக் காட்ட வேண்டும்.

யாராவது ஒருத்தி எப்போதும் பட்டியலுக்கு வெளியேதான் இருப்பாள். மூன்று இடத்துக்கு நான்கு பேர் இருக்கும்வரை அது மாறாது. ஆனால் அவள் தன் முகத்திலோ உடம்பிலோ பெயரிலோ காரணத்தைத் தேட வேண்டிய நிலை மாறலாம். யார் முடிவெடுத்தார்கள், எந்த அளவுகோலில், தனக்கு எங்கே குறைந்தது என்பது, கையெழுத்தோடு, பட்டியல் அறிவிக்கும் அன்றிரவே அவள் கைக்கு வந்துசேர வேண்டும்.